தலை அசையக் கூடாது

மூவாயிரம் யென், ஒரு மதிய உணவுச் சீட்டு.
அதற்காகத்தான் யாய்சுவில் ரயிலேறி
ஹமாமட்சு ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.
உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாதாம்.
மோதிரம் கழல மறுத்தது.
நர்ஸ் ஒருத்தி சோப்புப் போட்டு இழுத்தாள்.
இருபத்தாறு வருடம் வெயில் படாத ஒரு வளையம்
விரலிலேயே தங்கிவிட்டது.

ஆய்வாளர் நிஷிகோரிக்கு முப்பது வயதிருக்கலாம்.
சட்டைக் கையில் சோயாக் கறை.
பிளாஸ்டிக் மூளை ஒன்றைத் திருப்பிக் காட்டினாள்:
"இடது காதுக்குப் பின்னால், கொஞ்சம் கீழே,
கன்ஜி எழுத்துகளின் முகங்கள்.
மேலே, முன்பக்கம்,
கையை ஆட்டிவைக்கும் இடத்துக்குப் பக்கத்து வீட்டில்
எந்தக் கோடு முதலில், எது பிறகு என்கிற வரிசை.
வாசிக்க, முகம் தெரிந்தால் போதும்.
எழுத, இரண்டு வீடும் பேசிக்கொள்ள வேண்டும்."
பேசிக்கொள்ளாத வீடுகளை எனக்குத் தெரியும் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டாள்.

குழாய்க்குள் தள்ளினார்கள்.
யாரோ சுவரை இடிப்பதுபோல் தட் தட் தட்.
காதில் ஒரு சொல் ஒலிக்கும்,
அதன் எழுத்தை வலது சுட்டுவிரலால்
தொடைமேல் எழுத வேண்டும்.
தலை அசையக் கூடாது.

"ஷியோ."
உப்பு. இடப்பக்கம் மண்,
வலப்பக்கம் ஒரு வாய், அடியில் ஒரு தட்டு.
கடகடவென்று வந்துவிட்டது.

"காகி."
சாவி. இடப்பக்கம் உலோகம், அது தெரியும்.
வலப்பக்கம்?
காலையில் கதவைப் பூட்டிய அதே கைதான்.
வலப்பக்கம் என்ன?

குளிர்கிடங்கில் மீன்வரவு எழுதுவது என் வேலை.
எழுதுவது என்பது பழக்கதோஷத்தில் சொல்வது.
ஒலியைத் தட்டினால் திரை
நாலைந்து எழுத்துகளைக் கொண்டுவந்து நிறுத்தும்,
போலீஸ் ஸ்டேஷனில் சந்தேக ஆசாமிகளைப் போல.
இவன்தான் என்று தொட்டுக் காட்டுவேன்.
தெருவில் எதிரே வந்தால் அடையாளம் தெரியும்.
கண்ணை மூடி வரையச் சொன்னால்
மூக்கு எங்கே ஆரம்பிக்கிறது?

ஊரார் நுனிநாக்கில் வைத்துத் தவிப்பதை
நான் நுனிவிரலில் வைத்துத் தவித்தேன்.
கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெண்
என் தலையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
அதில் ஒரு சாவிகூட இல்லை.

"நகி."
காற்று அடங்கிய கடல்.
யோசிக்கவே இல்லை நான்.
இடப்புறம் சரிகிற ஒரு கோடு,
வலப்புறம் இறங்கிக் கொக்கி போடுகிற ஒரு கோடு,
காற்றின் கூடு அது.
அதற்குள் நாலே கோட்டில் 'நில்'.
விரல் போக வேண்டிய இடத்துக்குத்
தோள் கிளம்பிவிட்டது.
பத்தொன்பது மார்ச் மாதங்கள் ஏணியில் நின்று
எங்கள் படகின் முகப்பில் அந்தப் பெயரை
நான்தான் வெள்ளையில் தீட்டினேன்.
ஒவ்வொரு கோடும் முழங்கை நீளம்.
சின்னதாக அதை எனக்கு எழுதத் தெரியாது.
கடைசிக் கோட்டுக்கு
இடமிருந்து வலமாக உடம்பையே சாய்க்க வேண்டும்,
இல்லையென்றால் பெயின்ட் வழியும்.

"குஷிதா சான், தயவுசெய்து அசையாதீர்கள்."

பிறகு திரையைக் காட்டினாள்.
சாவிக்கு அங்கங்கே ஆரஞ்சுப் புள்ளிகள்.
"இது நீங்கள் தேடியது" என்றாள்.
நகிக்கு,
தண்ணீரில் மை கொட்டியதுபோல் ஒரு கலங்கல்.
"இதை நீக்கிவிடுவோம். கணக்கில் வராது."
பரவாயில்லை என்றேன்.
படகை வாங்கிய ஷிமோடாக்காரரும்
அப்படித்தான் செய்தார்,
மேலே இரண்டு பூச்சு நீலம்.

மோதிரத்தை எடுக்கப் போனேன்.
பெட்டிக் கதவில் அச்சடித்திருந்தது:
சாவியைத் திருப்பித் தரவும்.
அட, நீயா!
உலோகத்துக்குப் பக்கத்தில் 'கட்டு',
வீடு கட்டுகிற அதே கட்டு.
இத்தனை நேரம் எங்கே போயிருந்தாய்?

சீட்டுக்குக் கானாங்கெளுத்தி வறுவல் கிடைக்கும் என்றார்கள்.
காத்திருந்தபோது
மேசையில் சிந்திய தண்ணீரைத் தொட்டு
சாவியை எழுதிப் பார்த்தேன்.
மொத்தம் பதினேழு கோடு.
பதினொன்றில் இருந்தேன்,
தட்டு வந்துவிட்டது.